அது உப்பு என்று எனக்குத் தெரியும்

தம்பி,

பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்கள். பதினான்கு சின்னப் பாய்கள், பதினான்கு போர்வைகள், அதில் ஒன்று மட்டும் இன்னும் அசைகிறது. இந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், கார்டரியில், சமையலுக்கு வந்து ஆறு வருடமாகிறது. மத்தியானம் இவர்கள் தூங்கும் நேரம் மட்டும்தான் எனக்கென்று கிடைப்பது. வழக்கமாக இந்த நேரத்தில் பின்னேரத்துக்கு ஆப்பிள் வெட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு வெட்டவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நீ சிரிப்பாய். இந்த வாரம் இரண்டு தடவை நேரே சொல்ல வாய் திறந்தேன். ஒரு தடவை "சோறு போடட்டோ" என்று முடிந்தது. மற்றத் தடவை "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளை வா" என்று முடிந்தது. வாய்க்கு வராதது கைக்கு வருமோ என்று பார்க்கிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்று தெரியும். ஆறுதலாக வாசி, ஆனால் வியாழக்கிழமைக்கு முன்பு வாசித்து முடி.

ஏன் வியாழக்கிழமை என்றால், அன்றைக்குத்தான் உன் ஆய்வேடு அச்சுக்குப் போகிறது. போன சனிக்கிழமை அதன் முதல் பக்கங்களைச் சமையலறை மேசையில் வைத்து, "அம்மா, நன்றி சொல்லுற பக்கத்திலை ஒரு வரி தமிழிலை போட்டிருக்கிறன். எழுத்துப் பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றாய். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேராசிரியருக்கும் கூட வேலைசெய்தவர்களுக்கும் ஆங்கிலத்தில் நன்றி. எல்லாவற்றுக்கும் கீழே தமிழில்: "என் அம்மாவுக்கு. எனக்கு ஒருநாளும் பொய் சொல்லாதவருக்கு." இரண்டு தரம் வாசித்தேன். "எழுத்தெல்லாம் சரி" என்றேன். எழுத்துச் சரிதான், தம்பி. விஷயம்தான் பிழை. நான் உனக்குப் பொய் சொல்லியிருக்கிறேன். கடையில் விளையாட்டுச் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வது மாதிரிப் பொய் இல்லை, உன் வாழ்க்கையில் ஐந்து மாதத்தைத் தின்ற பொய். அந்த வரி அப்படியே அச்சாகி, ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்து, நான் போன பிறகும் அங்கேயே இருக்கும் என்று நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் என் பிழையைச் சொல்லுமுன் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவிடு. இல்லாவிட்டால் நான் எதைக் கெடுத்தேன் என்பது விளங்காது. அப்பா போன அடுத்த வருடம், நாங்கள் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம், அந்த மூன்றாம் மாடியில் இருந்தோம். நீ புதிதாக ஆய்வுகூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாய். "என்னடா அப்பிடி என்னத்தைத்தான் படிக்கிறாய்" என்று கேட்டேன். வேறு பிள்ளையென்றால் உங்களுக்கு விளங்காது என்று எழும்பிப் போயிருக்கும். நீ என் தையல் பெட்டியையும் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளையும் மேசையில் கொட்டினாய். உடம்பில் இருக்கும் ஒரு உயிர்க்கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிச் சோடி சோடியாக நடுவில் நிறுத்தும் என்றாய். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு நிறமூர்த்தம் என்று பெயர் என்று நான் சொன்னது உனக்குப் பெரிய பகிடியாக இருந்தது. பிறகு இரண்டு கரையிலிருந்தும் நூல்கள் வரும். ஒவ்வொரு சோடியையும் ஒரு நூல் இந்தப் பக்கமிருந்தும் இன்னொரு நூல் அந்தப் பக்கமிருந்தும் பிடிக்க வேண்டும். நூல் வந்து பிடிக்கும் இடத்தில் பல புரதங்கள் சேர்ந்து கட்டிய ஒரு பிடி இருக்கிறது. எந்தப் புரதம் எதன்மேல் நிற்கிறது, எது எதைத் தாங்குகிறது, அதன் உருவம் என்ன, இதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை.

"பிழையாப் பிடிச்சிட்டா?" என்று கேட்டேன். "பிழையாத்தான் பிடிக்கும் அம்மா, கன தரம். ரெண்டு நூலும் ஒரே பக்கத்திலை இருந்து வந்தா இழுவை இருக்காது. இழுவை இல்லையெண்டு தெரிஞ்ச உடனை பிடியை விட்டிட்டுத் திரும்பப் பிடிக்கும்." "அவ்வளவு நேரமும் கலம் என்ன செய்யும்?" "பாத்துக்கொண்டு நிக்கும். ஒண்டே ஒண்டு பிடிபடாட்டிலும் அது பிரியாது." நீ ஒரு கிளிப்பை மட்டும் நூல் கட்டாமல் விட்டுக் காட்டினாய். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குள் இவ்வளவு பொறுமையா என்று அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள்மேல் அன்றைக்கு வந்த மரியாதையில் பாதியை உனக்கும் கொடுத்தேன். அவர் செய்து வைத்துவிட்டார், நீ அதை எட்டிப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அடுத்த நாள் உடுப்புக் காயப்போடக் கிளிப்பைத் தொட்டபோதும் அதுதான் நினைவு.

அந்த உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் புரதத்தைப் பளிங்காக்க வேண்டும், அப்போதுதான் எக்ஸ்-கதிரை ஊடே விட்டுப் படம் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாய். தட்டுத் தட்டாகத் துளி வைத்தாய். ஒவ்வொரு துளிக்கும் வேறு வேறு உப்பு, வேறு வேறு புளிப்பு. வைத்துவிட்டுக் காத்திருப்பாய். வருடம் ஒன்று போனது. நீ மெலிந்துபோனாய். பிறகு ஒரு வியாழக்கிழமை, வேலை நேரத்தில், கார்டரிக்கே ரெலிபோன் எடுத்தாய். "அம்மா, வந்திட்டுது! பளிங்கு வந்திட்டுது!" உன் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை அப்பாவின் சாவுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. நான் என்ன செய்தேன்? ரீற்றா அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பங்குக் கோயிலில் ஒரு விஷயம் எல்லோருக்கும் போக வேண்டுமென்றால் பூசை வைக்கும் சுவாமியிடம் சொல்வதைவிட ரீற்றா அக்காவிடம் சொல்வது விரைவு. நான் பளிங்கு என்றேன். அவ அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்று கேட்டுக்கொண்டா. அன்று பின்னேரத்துக்குள் நன்றிப் பூசைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு. பூசை முடிய மண்டபத்தில் ரோல்ஸ், பற்றிஸ், கேக். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

பூசைக்கு முதல்நாள் சனிக்கிழமை, "வந்து பாருங்கோ அம்மா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். மெற்றோவில் போகும்போதே உனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வுகூடத்தில் ஒருவருமில்லை. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்து, எனக்குக் கதிரையை உயர்த்திவிட்டு, பின்னால் நின்றாய். நான் கண்ணை வைத்தேன். முதலில் வெளிச்சம் மட்டும். பிறகு நீ எதையோ திருக, ஒரு துளியும் அதன் ஓரத்தில் ஐந்தாறு சதுரங்களும் தெரிந்தன. மூலைகள் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தன. ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இறங்கும் படிகள், படிகளுக்கு நடுவில் ஒரு குழி. தம்பி, பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது மட்டும் அந்தச் சதுரத்தை நான் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். காற்று அடங்கிய வெயிலில் உப்புப் பாத்தித் தண்ணீரின்மேல் முதலில் மிதந்து வருவது அதுதான். உள்ளங்கையில் அள்ளினால் அதே படி, அதே குழி. நீ பின்னால் நின்று "தெரியுதே அம்மா? வடிவா இல்லையே?" என்று கேட்டாய். அது உப்பு என்று எனக்குத் தெரியும். "வடிவா இருக்கு ராசா" என்றேன்.

இந்த இடத்தில் நீ வாசிப்பதை நிறுத்துவாய். உப்பளத்தில் இருந்தவர் அம்மப்பா அல்லவா, அதுவும் கந்தோரில் கிளாக்கராக அல்லவா என்று யோசிப்பாய். அம்மப்பா கிளாக்கர் இல்லை. மன்னாரில் உப்பு மூட்டை தூக்கியவர். நான் அங்கே நாள் கூலிக்கு உப்பு வாரியவள். என் கணுக்காலில் இருக்கும் தழும்புகள் சைக்கிளில் விழுந்து வந்தவை என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் சைக்கிள் ஓடினதே இல்லை. உப்புத் தண்ணீர் காலில் வந்த புண்ணை ஆறவிடாது, அவ்வளவுதான். உன் அப்பா என்னைப் பெண் கேட்டு வந்தபோது அவருடைய யாழ்ப்பாணத்து அக்காமார் பெண்ணின் தகப்பன் என்ன வேலை என்று கேட்டார்கள். "உப்பளத்திலை" என்றார் அப்பா. "உப்பளத்திலை என்ன?" என்றார்கள். "கந்தோரிலை" என்று அவர் வாயில் வந்துவிட்டது. எனக்காகத்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற நான் முப்பது வருடம் பாடுபட்டேன். கனடாவுக்கு வரும்போது அதையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வந்தோம். நீ பளிங்கைக் காட்டினது, ஊரில் சண்டை நின்றிருந்த சமாதானக் காலம் வேறு. கோயிலில் பாதிப் பேர் ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாராவது மன்னாரில் விசாரித்துவிட்டு வந்து மண்டபத்தில் அவிழ்த்துவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்த நேரம்.

அதனால்தான் வாய் திறக்கவில்லை. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று சொல்லலாம். படித்தவர்கள் இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள், சமையல்காரி நான் யார் என்று நினைத்தேன் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டையும் நான் பிறகு தேடி எடுத்துக்கொண்டேன். முதலில் வந்தது பயம். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று நீ கேட்பாய். கிளாக்கரின் மகளுக்கு உப்பின் முகம் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் உன்னை விட்டுக்கொடுத்தேன்.

அடுத்தநாள் பூசை நடந்தது. சுவாமி உன் பெயரை வாசித்தார். ரீற்றா அக்கா புதுச்சேலை உடுத்து, தானே கண்டுபிடித்தவள் மாதிரி வாசலில் நின்றா. நீ கூச்சத்தில் நெளிந்துகொண்டு, "மருந்து இல்லை அன்ரி, இது வேறை" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாய். நான் தட்டில் பற்றிஸ் அடுக்கிக்கொண்டு நின்றேன். நற்கருணை வாங்கப் போகவில்லை. செய்த பாவத்தைச் சுவாமியிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் எப்படிப் போவது? தலையிடி என்று சொன்னேன். பொய்க்குமேல் பொய்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். அந்தச் சதுரங்களைப் பெரிதாக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் சாப்பிடும்போது சொன்னாய். உங்கள் எக்ஸ்-கதிர் மெஷின் பழுதாகிக் கிடந்தது. அமெரிக்காவில் பெரிய மெஷின் இருக்கும் இடத்தில் நாள் கேட்டுக் காத்திருந்தாய். நான் சோறு போட்டேன், மீன் முள்ளெடுத்து வைத்தேன், "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பளிங்குகளைக் குளிரூட்டிய பெட்டியில் வைத்து, உன் பேராசிரியருடன் காரில் எல்லை கடந்து போனாய். மூன்றாம் நாள் திரும்பி வந்தாய். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தாய். "உப்பு அம்மா. புரதமெண்டா எக்ஸ்-கதிர் படத்திலை ஆயிரக்கணக்கிலை புள்ளி விழும். இதிலை விரல்விட்டு எண்ணலாம். தட்டை மூடின ரேப் சரியா ஒட்டேல்லை, துளி காஞ்சு உப்புக் கட்டியிட்டுது." நான் "அப்பிடியோ?" என்றேன். அந்த "அப்பிடியோ"வை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம்போல இருக்கிறது. பிறகு நீ கொஞ்சம் சிரித்துவிட்டுச் சொன்னாய்: "அம்மப்பா இருந்திருந்தா பாத்த உடனையே சொல்லியிருப்பார், என்ன?" நான் எழும்பிப்போய்க் கழுவின சட்டியைத் திரும்பக் கழுவினேன்.

அடுத்து நீ செய்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சுவாமியிடம் எதையோ கேட்டாய், அவர் தலையாட்டினார், நீ மைக்கைப் பிடித்தாய். உன் தமிழ் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசைக்குப் போதும், மேடைக்குப் போதாது. ஆனாலும் தமிழில்தான் சொன்னாய். "எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் எனக்காகப் பூசை ஒப்புக்குடுத்தனீங்கள். நான் கண்டுபிடிச்சது புரதம் இல்லை. உப்பு. கறிக்குப் போடுற உப்பு. நான் வடிவாச் சோதிக்கேல்லை, அது என்ரை பிழை. உங்கடை செபத்திலை பிழை இல்லை." ரீற்றா அக்கா தன் இடத்திலிருந்தே, "அப்ப நாங்கள் திண்ட ரோல்ஸ், தம்பி?" என்று கேட்டா. "அதிலை உப்பு அளவாத்தான் இருந்தது அன்ரி" என்றாய். மண்டபமே சிரித்தது. சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பின்வரிசையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தேன். "அது என்ரை பிழை" என்று நீ சொன்னபோது தேத்தண்ணியைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, யாரும் கேட்காமலே எழுந்து நின்று, பார்த்தது இது, நினைத்தது அது என்று சொல்கிறான். ஐம்பதைத் தொடப்போகும் தாய் கதிரையை விட்டு எழும்பவில்லை. அந்தத் துணிவு உனக்கு எங்கிருந்து வந்ததென்று பலநாள் யோசித்திருக்கிறேன். என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த மாரிக் குளிரில் வேறொரு நாட்டு ஆய்வுகூடம் நீ தேடிக்கொண்டிருந்த அதே பகுதியின் உருவத்தைப் படத்தோடு வெளியிட்டது. நீ அதை அச்சடித்துக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். பொறாமையோடு காட்டவில்லை. "எவ்வளவு வடிவாச் செய்திருக்கினம் பாருங்கோ" என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். ஒரே ஒரு தடவை, சட்டையைக் கொழுவிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, "அந்த அஞ்சு மாசம் மட்டும் கையிலை இருந்திருந்தா" என்றாய். அதோடு நிறுத்திவிட்டாய். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நீ கதைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ திரும்பத் தொடங்கினாய். அந்தப் பிடியில் இன்னும் யாரும் பார்க்காத பகுதி எது என்று தேடி, நிறமூர்த்தத்தோடு ஒட்டி நிற்கும் அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டாய். அந்தப் புரதங்களுக்கு நீளமான ஒரு வால் இருக்கிறது, அது நின்ற இடத்தில் நில்லாமல் ஆடுகிறது, ஆடுகிற ஒன்று பளிங்காகாது என்று கண்டுபிடித்தாய். வாலை எங்கே வெட்டுவது? கூட வெட்டினால் முழுதும் குலைகிறது, குறைய வெட்டினால் இன்னும் ஆடுகிறது. ஊரில் திரும்பச் சண்டை தொடங்கி, செய்தி கேட்கப் பயந்து நான் ரெலிபோனை எடுக்காமல் விட்ட நாட்களிலும், ரொக்ஸ்பரோவுக்கு வீடு மாறின கிழமையிலும், முழங்கால்மட்டும் பனி கொட்டி ரயில் ஓடாத நாளிலும் நீ போனாய். சரிவராத ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, ஏன் சரிவரவில்லை என்றும் பக்கத்தில் எழுதினாய். ஒருநாள் அந்தக் கொப்பியைப் புரட்டினேன். ஆங்கிலத்தில் எனக்கு எல்லாம் விளங்காது. "என்ரை பிழை" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று மட்டும் தெரியும். எத்தனை பக்கத்தில் அது இருந்தது! ஒளிக்காமல், அடிக்காமல், நாள் போட்டு எழுதியிருந்தாய்.

பிறகு உண்மையான பளிங்கு வந்தது. இந்த முறை நீ யாருக்கும் சொல்லவில்லை. ஒன்றை ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தாயாம், கட்டித் தயிர்போல உடைந்ததாம். உப்பென்றால் நொறுங்கும் சத்தம் வருமாம். எனக்குத் தெரியாதா! புள்ளிகள் ஆயிரமாயிரமாக விழுந்த பிறகுதான் வீட்டில் வாய் திறந்தாய். கணினியில் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாய். இவ்வளவுநாளும் கிளிப்பாகவே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டு நிற்கும் ஆட்கள்போலத் தெரிந்தது. "இதைக் கண்ட முதல் ஆட்களிலை நீங்களும் ஒராள் அம்மா" என்றாய். நான் அழுததைச் சந்தோஷத்தில் என்று நினைத்தாய். முக்கால்வாசி சந்தோஷம்தான்.

படிப்பை முடித்து ஜெர்மனியில் ஒரு ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்ல வேண்டும். குளிருக்கு உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, மொன்றியலில் வளர்ந்தவன். சமைத்துச் சாப்பிடு, பாணும் சீஸும் சாப்பாடு இல்லை. புது இடத்தில் உன் பளிங்கைப் பார்த்து வடிவு, வடிவு என்று மட்டும் சொல்பவர்களிடம் கவனமாக இரு. அவர்கள் கெட்டவர்களாக இருக்கமாட்டார்கள். உன்னில் உயிரையே வைத்திருப்பவர்களாகவும் இருக்கலாம். முகத்துக்கு நேரே "இது உப்பு" என்று சொல்லக்கூடிய ஒரு ஆளைத் தேடிப் பிடி. அந்த ஆள் தட்டுக் கழுவுபவராக இருந்தாலும் கூப்பிட்டுக் காட்டு. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று உடனே கேட்காதே. முதலில் சொல்லவிடு, பேந்து கேள்.

நீ கலியாணம் கட்டும்போது பெண்வீட்டில் அம்மப்பா என்ன வேலை என்று கேட்டால் மூட்டை தூக்கினவர் என்று சொல். நானும் இந்த ஞாயிற்றுக்கிழமை ரீற்றா அக்காவிடம் சொல்லப்போகிறேன். அவவிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்னதுபோல, எனக்கு வேலை மிச்சம். மைக்கில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அந்த அளவுக்கு என்னிடம் எதிர்பார்க்காதே.

அந்த வரியை எடுத்துவிடு, தம்பி. கோபம் வந்தால் கோபப்படு. அந்த ஐந்து மாதத்தை நான் திருப்பித் தர ஏலாது. மன்னிப்பாயா என்றும் கேட்கமாட்டேன், அது உன் பாடு, நீ ஆறுதலாக யோசித்துச் செய். அம்மாவுக்கு ஏதாவது போடத்தான் வேண்டுமென்றால் உப்பு வாரினவள் என்று போடு. ஒன்றும் போடாவிட்டாலும் எனக்கு மனவருத்தமில்லை.

இன்னும் ஒன்று. நேற்று முன்தினம் பெட்டி அடுக்கும்போது, கம்பளிச் சட்டையை மடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாய்: "நான் போனா நீங்கள் தனியச் சமாளிப்பீங்களோ அம்மா?" "ஓம், எனக்கென்ன. வேலை இருக்கு, கோயில் இருக்கு" என்று சொன்னேன். நீ நம்பினாய். பின்னேரம் வந்து கதவைத் திறந்தால் உள்ளே ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று நினைக்க எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் எப்படிச் சோறு வைப்பதென்று எனக்குத் தெரியாது. நான் நல்லாகச் சமாளிக்கமாட்டேன், தம்பி. அதற்காக நீ ரிக்கற்றை மாற்றினால் உன்னோடு கதைக்கவே மாட்டேன். ஆனால் தெரிந்துகொண்டு போ.

அம்மா